பேசி முடிக்கத்தக்க விவகாரமல்ல

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுவது வழக்கம். பள்ளிக்கு என்ன வந்தது, என்ன செலவாயிற்று, யாருக்கு உதவினோம் என்று கணக்குக் காட்டுகிறோம். ஆனால் எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாத ஒரு கணக்கு ஒவ்வோர் ஊரிலும் உண்டு. நம் பெண்மக்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இழைக்கப்பட்டு, வெளியே சொல்லப்படாமல் மூடி வைக்கப்பட்ட கொடுமைகளின் கணக்கு அது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகின்றேன். பள்ளிவாசலில் பேசத்தக்க பேச்சா இது என்று சிலர் தயங்கலாம். திருமறையின் அந்நூர் அத்தியாயம் பெண்ணின் மானத்தையும் அதற்கு எதிரான பழியையும் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறது. அல்லாஹ் பேசிய ஒன்றை நாம் பேச வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்கோ நடப்பதல்ல

பாலியல் வன்கொடுமை என்றவுடன் பெருநகரத்து இருட்டுச் சந்தும், முகம் தெரியாத முரடனும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மை நிலை வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 31,516 பாலியல் பலாத்கார வழக்குகள் பதிவாயின. பதிவானவை மட்டுமே இவை. ஆண்டுதோறும் அக்காப்பகம் தரும் விவரத்தைப் பார்த்தால், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றவாளி அப்பெண்ணுக்கு முன்பே தெரிந்தவன். உறவினன், அண்டை வீட்டான், உடன் வேலை செய்பவன், மணந்துகொள்வதாக வாக்களித்தவன் என்றுதான் அந்தப் பட்டியல் நீள்கிறது.

பிள்ளைகளின் நிலை இன்னும் வேதனைக்குரியது. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் விசாரித்து 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறிய பிள்ளைகள் நூற்றுக்கு 53 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள். "நமக்கு ஆண் பிள்ளைதானே" என்று நிம்மதி கொள்ளும் பெற்றோர் இந்த எண்ணிக்கையைச் சிந்திக்க வேண்டும்.

நம் கரிசல் பூமியில் வானம் பார்த்த விவசாயம். மழை பொய்த்தால் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளுக்கும், ராஜபாளையம் நூற்பாலைகளுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கின்றனர். தந்தை தூரத்தில், தாய் வேலையில், பிள்ளை அண்டை வீட்டில் என்பது இன்று பல குடும்பங்களின் நிலை. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. பசிதான் அவர்களை அனுப்புகிறது. ஆனால் அவர்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் திரும்பி வந்து சொல்வதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக நம் ஜமாஅத் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

ஊர் நின்றது, வழக்கும் நின்றது

ஓர் ஊர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு மலைவாழ் மக்களின் சிற்றூர். 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். அவர்களில் சிறுமியரும் இருந்தனர். கொடுமைக்கு உள்ளானவர்களையே சிறையிலும் அடைத்தனர். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றுதான் அன்று அரசுத் தரப்பு சாதித்தது.

எதிரே நிற்பது அரசாங்கம். பாதிக்கப்பட்டவர்களோ படிப்பறிவும் பண பலமும் இல்லாத ஏழைகள். "நடந்தது நடந்துவிட்டது, வாயை மூடிக்கொள்ளுங்கள், மானம் போய்விடும்" என்று அந்த ஊர் தன் பெண்களிடம் கூறியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். அவ்வாறு நடக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் துணை நின்றனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று, சீருடை அணிந்திருந்தவர்களைச் சுட்டிக் காட்டினார்கள். குறுக்கு விசாரணையின் குத்தல் கேள்விகளைத் தாங்கினார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அவர்களில் 17 பேர் மீது பலாத்காரக் குற்றம் உறுதியானது. அதே செப்டம்பர் 29ஆம் தேதி, 2023ஆம் ஆண்டில், சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

முப்பத்தொரு ஆண்டுகள்! அந்தப் பெண்களின் துணிவுக்குப் பின்னே ஊர் நின்றது. ஊர் நின்றதால் வழக்கும் நின்றது. அவர்கள் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் அல்லர். ஆயினும் அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நில்லுங்கள் என்று நமக்கு இடப்பட்ட கட்டளையை அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பழகியவர்களை நம்பிச் சென்ற இடத்தில் அவரிடம் அத்துமீறி, அதைப் படம் பிடித்து மிரட்டியிருந்தனர். அந்தக் கும்பல் அதற்கு முன்பே பல பெண்களைச் சீரழித்திருந்தது. படம் வெளியே வந்துவிடும் என்ற அச்சத்தில் அவர்கள் அனைவரும் வாய் திறக்காமல் இருந்தனர். ஒருவர் பேசியதால் மற்றவர்களுக்கும் வழி திறந்தது. புகார் கொடுத்த குற்றத்திற்காக அந்த மாணவியின் சகோதரர் தாக்கப்பட்டார். அது போதாதென்று, காவல்துறை அதிகாரி ஒருவரே செய்தியாளர்களிடம் அப்பெண்ணின் பெயரை வெளிப்படுத்தினார். அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. இதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2025 மே 13ஆம் தேதி, கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது.

பெயரை வெளியிடுவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதற்கும், ஒரு வீட்டார் தம் பெண்ணின் பக்கம் நிற்பது எத்தனை வீடுகளைக் காப்பாற்றும் என்பதற்கும் இந்த ஒரு வழக்கே சான்று.

மார்க்கம் யாரைக் குற்றவாளி என்கிறது?

மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் பரப்பும் ஒரு தவறான கருத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. "நான்கு சாட்சிகள் உண்டா? இல்லையென்றால் அவள் பேசக்கூடாது" என்கின்றனர். அந்நூர் அத்தியாயத்தின் நான்காம் வசனம் கூறும் நான்கு சாட்சிகள், ஒழுக்கமுள்ள பெண் மீது அவதூறு சொல்பவனிடம் கேட்கப்படுபவை. பெண்ணின் மானத்தைக் காக்க அருளப்பட்ட சட்டம் அது. அதே சட்டத்தைக் கொண்டு அவள் வாயை அடைப்பது, வேலியைப் பிடுங்கி அவளையே அடிப்பதற்கு ஒப்பாகும்.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்திலேயே இத்தகைய நிகழ்ச்சி நடந்திருக்கிறது. வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் பதிவாகியுள்ளது. தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்மணியை வழியில் ஒருவன் பலவந்தப்படுத்திவிட்டு ஓடினான். அவர் கூக்குரலிட்டார். மக்கள் ஓடி வந்து ஒருவரைப் பிடித்து நபியவர்களின் முன் நிறுத்தினர். தண்டனை அறிவிக்கப்படும் வேளையில், உண்மையான குற்றவாளி எழுந்து தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். நபியவர்கள் அப்பெண்மணியிடம், அல்லாஹ்வின் மன்னிப்பு அவருக்கு உண்டு என்று கூறி அனுப்பி வைத்தார்கள். தவறாகப் பிடிபட்டவரிடம் நல்ல வார்த்தை கூறினார்கள். குற்றம் செய்தவனைத் தண்டிக்க ஆணையிட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியை ஊன்றிக் கவனியுங்கள். இருட்டில் ஏன் தனியே வந்தாய் என்று அப்பெண்ணிடம் கேட்கப்படவில்லை. என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்கப்படவில்லை. சாட்சி கொண்டு வா என்று அவர் திருப்பி அனுப்பப்படவும் இல்லை. அவருடைய சொல் செவிமடுக்கப்பட்டது. அதே வேளையில், கூட்டம் பிடித்த ஆள் தவறான ஆளாகவும் இருக்கலாம் என்பதையும் இதே நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது. ஆகவே அடித்து நொறுக்குவது நம் வேலையன்று. முறையான விசாரணைக்கு வழி செய்வதே நம் கடமை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஓர் அடிமை ஓர் அடிமைப் பெண்ணைப் பலவந்தப்படுத்தினான். கலீஃபா அவர்கள் அவனைக் கசையடி கொடுத்து நாடு கடத்தினார்கள். பலவந்தப்படுத்தப்பட்டவள் என்பதால் அப்பெண்ணின் மீது எந்தத் தண்டனையும் இல்லை. புகாரியில் இது இடம்பெற்றுள்ளது. பலவந்தப்படுத்தியவன் தண்டனை பெறுவதோடு அப்பெண்ணுக்கு மஹர் தொகையும் கொடுக்க வேண்டும் என்பது இமாம் மாலிக் (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோரின் தீர்ப்பு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டன.

மேலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் பழி சுமத்தப்பட்ட போது ஏறக்குறைய ஒரு மாத காலம் அந்த வதந்தி உலவியது. அன்னையவர்கள் அழுது நோயுற்றார்கள். அந்த வதந்தியைக் காதில் வாங்கி நாவால் கடத்தியவர்களை அல்லாஹ் திருமறையில் கண்டித்தான். தெருத் திண்ணையிலும் கைப்பேசிக் குழுக்களிலும் ஒரு பெண்ணின் செய்தியைக் கடத்துவோர் தாம் யாருடைய வழியில் நடக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பேசி முடிப்பது என்னும் அநீதி

இனி மனம் கசந்தாலும் சொல்லியாக வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாச் சமுதாயத்திலும் ஊர்ப் பஞ்சாயத்துகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. இத்தகைய விவகாரம் வந்தால் பெரியவர்கள் கூடுவார்கள். ஒரு தொகை பேசப்படும். அல்லது செய்தவனுக்கே அவளைக் கட்டி வைத்துவிடலாம் என்பார்கள். பெண் வீட்டார் ஏழைகளாயிருந்தால் தலையாட்டுவார்கள். ஊர் அமைதியாகிவிட்டது என்று எல்லோரும் கலைந்து செல்வார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அமைதி இருக்காது. தன்னைச் சிதைத்தவனின் வீட்டில் வாழ்நாள் முழுவதும் சோறு பொங்கிப் போடுமாறு அவளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது. குற்றம் செய்தவனுக்கோ மாப்பிள்ளை மாலை! சம்மதம் இல்லாத நிக்காஹ் எப்படிச் செல்லும்? அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

படித்தவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். 2015 ஜூன் மாதம், சிறுமியாயிருந்த ஒருவரைக் கெடுத்துத் தாயாக்கியதற்காகக் கடலூர் மகளிர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவனுக்கு, அப்பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் வழங்கப்பட்டது. அந்த இளம் தாய் சமரசத்திற்கு மறுத்துவிட்டார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மறுமாதமே உச்ச நீதிமன்றம், மத்தியப் பிரதேச வழக்கொன்றில், பலாத்காரக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் அந்தச் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் பள்ளிவாசல் பஞ்சாயத்துக்கு எங்கிருந்து வரும்?

நம் சொந்தங்களுக்கும் பெற்றோருக்கும் எதிராகவே இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவன் சந்தா கொடுக்கும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகவோ, நிர்வாகியின் மருமகன் என்பதற்காகவோ, ஓதிக்கொடுக்கும் உஸ்தாது என்பதற்காகவோ நாம் வாய் மூடினால், அந்த வசனத்தை ஓதும் தகுதியை நாம் இழந்துவிடுகிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

வெறும் உபதேசத்தோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. நிர்வாகக் குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது: பாலியல் வன்கொடுமை விவகாரம் எதையும் இந்த ஜமாஅத் பஞ்சாயத்தில் பேசி முடிப்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையாயிருந்தால், செய்தி அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். மறைப்பவர்கள் சிறை செல்ல நேரிடும். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இச்சட்டம் பொது.

இரண்டாவது: ஜமாஅத்திற்குட்பட்ட விவரமறிந்த தாய்மார்கள் மூவரையேனும் இதற்கெனப் பொறுப்பில் அமர்த்த வேண்டும். நொந்து வரும் பெண் முதலில் ஆண்கள் கூட்டத்தின் முன் நின்று சொல்ல வேண்டிய நிலை கூடாது. செவி கொடுத்துக் கேட்பதும், உன் மீது குற்றமில்லை என்று சொல்வதுமே முதல் உதவி. துருவித் துருவிக் கேட்பது விசாரணை அதிகாரியின் வேலை, நம்முடையதன்று.

மூன்றாவது: மருத்துவம். பாதிக்கப்பட்டவர் உடனே குளிக்கவும், உடைகளைத் துவைக்கவும் துடிப்பார். நம் பெண்களுக்குக் குளிப்புக் கடமை என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். மருத்துவப் பரிசோதனை முடியும் வரை குளிக்காமலிருப்பது நல்லது. அதற்குப் பின் குளித்துக்கொள்வதில் மார்க்கக் குற்றம் ஏதுமில்லை. அணிந்திருந்த துணிகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கவும், எய்ட்ஸ் போன்ற நோய் தொற்றாமலிருக்கவும் தரப்படும் மருந்துகளை எவ்வளவு விரைவில் எடுத்துக்கொள்கிறோமோ அவ்வளவு நல்லது; எய்ட்ஸ் தடுப்பு மருந்தை மூன்று நாட்களுக்குள் தொடங்கியாக வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தருவது சட்டப்படி கட்டாயம். பெண்களை இழிவுபடுத்திவந்த இருவிரல் பரிசோதனை கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிபடக் கூறியுள்ளது. நாட்கள் கடந்துவிட்டாலும் மருத்துவரிடம் போவதையும் புகார் கொடுப்பதையும் கைவிட வேண்டியதில்லை.

நான்காவது: சட்ட உதவி. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். திருப்பூரில் நடந்ததற்குச் சங்கரன்கோவிலில் புகார் கொடுக்கலாம். பெண் அதிகாரி ஒருவர், பாதிக்கப்பட்டவரின் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்கள் உள்ளன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். இழப்பீட்டுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். இந்த எண்களைத் தொழுகை நேரப் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். போக்குவரத்துச் செலவுக்கும், வாய்தா நாட்களில் இழக்கும் கூலிக்கும் பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகை ஒதுக்குங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். முதல் வாரத்தில் உடன் வந்த கூட்டம் மூன்றாம் ஆண்டிலும் உடன் வர வேண்டும்.

ஐந்தாவது: இரகசியம். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஜும்ஆ மேடையிலும் கூட்டக் குறிப்பிலும் அந்தப் பெயர் வரலாகாது.

ஆறாவது: நம் மக்தப் மதரஸா. பிள்ளைகளைத் தனி அறையில் ஓத வைப்பது கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம். உஸ்தாதுகளை நியமிக்குமுன் முன்பு பணியாற்றிய ஊரில் விசாரிக்க வேண்டும். நானும் ஓர் உஸ்தாது என்ற முறையிலேயே இதைக் கேட்கின்றேன். நல்ல ஆசிரியருக்கு இது பாதுகாப்பே அன்றி அவமதிப்பன்று.

அதற்குப் பின்னும் வாழ்க்கை உண்டு

தாய்மார்களே! பிள்ளை திடீரென்று ஓதப் போக மறுத்தாலோ, ஓர் உறவினரைக் கண்டு ஒதுங்கினாலோ, அடிக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். பிள்ளை சொன்னால் நம்புங்கள். "மாமாவைப் பற்றி அப்படிச் சொல்லாதே" என்ற ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையின் வாயை ஆயுளுக்கும் பூட்டிவிடும்.

இளைஞர்களே! பார்வையைத் தாழ்த்துமாறு அந்நூர் அத்தியாயத்தில் முதலில் ஆண்களுக்குத்தான் கட்டளை வந்தது. பெண்களுக்கு அடுத்த வசனத்தில் வந்தது. அந்த வரிசையை மறந்துவிடாதீர்கள். ஒரு படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்புவது சட்டப்படியும் குற்றம், மார்க்கப்படியும் பெரும் பாவம்.

பெரியவர்களே! வன்கொடுமைக்கு ஆளான பெண் கெட்டுப்போனவள் அல்லள். விபத்தில் அடிபட்டவரை நாம் இழிவாக எண்ணுவதில்லை. அவளுடைய படிப்பு நிற்கக் கூடாது. வேலை போகக் கூடாது. நல்ல இடத்தில் நிக்காஹ் நடக்க வேண்டும். அவளுக்குப் பெண் கேட்டு வரும் குடும்பத்திடம் பழைய கதையைக் கிளறுபவன், முதல் கொடுமைக்காரனுக்கு அடுத்த கொடுமைக்காரன்.

ஜமாஅத் என்ற சொல்லுக்குச் சேர்ந்து நிற்பது என்பதே பொருள். தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். நொந்து நிற்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரு பிள்ளைக்கும் பக்கத்தில் அவ்வாறே நின்றால்தான் அந்த வரிசைக்குப் பொருள் உண்டு.

யா அல்லாஹ்! அநீதி இழைக்கப்பட்டோரின் உள்ளங்களுக்கு ஆறுதலைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! நீதியின் பக்கம் நிற்கும் துணிவை எங்கள் ஜமாஅத்துக்கு வழங்குவாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.